பில் போட எந்த மென்பொருள்? தனி ஆளாகத் தொழில் செய்பவர்களுக்குக் கூடலூரிலிருந்து ஒரு பதில்

14 ஜூன் 2025, கேள்வி

வணக்கம் அண்ணா. பந்தலூரில் தனி ஆளாக மோட்டார், பைப் வேலை செய்கிறேன். இதுவரை கடையில் வாங்கின பில் புக்தான். இந்த மழையில் பை நனைந்து, கார்பன் ஊறி, மூன்று பில் படிக்கவே முடியாமல் போய்விட்டது. போனில் பில் போடலாம் என்று பார்க்கிறேன். எது நல்லது? கேட்டவர்கள் எல்லாரும் "இலவசமாக இருப்பதை எடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் புரளும், அதில் பாதிக்கு மேல் மோட்டாரும் பைப்பும் வாங்கிப் போட்ட காசு. சேரம்பாடி, எருமாடு, சில நேரம் கேரளாவில் வயநாட்டுப் பத்தேரிப் பக்கமும் வேலை வரும்.

15 ஜூன் 2025

தம்பி, "இலவசத்தை எடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற இடத்தில்தான் நான் இரண்டு தடவை மாட்டினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எடுப்பது சுலபம். இரண்டு வருஷம் கழித்து வேறு ஒன்றுக்கு மாறலாம் என்று நினைக்கும்போது, உள்ளே போட்ட முந்நூறு பேருடைய பெயரும், யார் எவ்வளவு பாக்கி என்பதும் வெளியே வராது. ஒவ்வொரு பில்லாகத் திறந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அப்படி எழுதியிருக்கிறேன், ஒரு ஆடி மாதம் முழுக்க.

நான் நீலகிரி கூடலூரில் இன்வெர்ட்டர், பேட்டரி, சின்ன அளவில் சோலார் வேலை பார்க்கிறேன். நானும் என் ஜீப்பும்தான், வேறு ஆள் இல்லை. பட்டா கிடைக்காத ஜென்மம் நிலச் சிக்கலில் மின் இணைப்பே கிடைக்காமல் கிடந்த வீடுகள்தான் எனக்கு முதல் வாடிக்கை. அவர்கள் ஒரே தடவையில் காசு கொடுக்க முடியாது. பச்சைத் தேயிலைக் காசு வந்தால் ஆயிரம், மிளகு விற்றால் மூவாயிரம், நடுவில் பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டினால் இரண்டு மாதம் ஒன்றும் வராது. எனக்கு பில் என்பது அன்றைக்கே முடிகிற காரியம் இல்லை, எட்டு மாதம் கூடவே வருவது. முதலில் எடுத்த ஆப் இதற்கு ஒத்தே வரவில்லை. "கட்டியாயிற்று", "கட்டவில்லை" என்று இரண்டே நிலைதான் அதற்குத் தெரியும்.

அதனால் எந்த ஆப்பையும் இறக்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய். உன் பில் புக்கில் கடைசி முப்பது பில்லை எடுத்துத் தரையில் பரப்பு. எத்தனை பேர் ஒரே தவணையில் கட்டினார்கள், எத்தனை பேர் முன்பணம் கொடுத்தார்கள், எத்தனை பேர் பாதியை ரொக்கமாகவும் மீதியை யுபிஐயிலும் கொடுத்தார்கள், எத்தனை பேர் "பில் வேண்டாம்பா" என்றார்கள், எத்தனை பேர் இரண்டாவது முறையாக வந்தவர்கள், இதை எல்லாம் எண்ணிப் பார். எனக்கு முப்பதில் பத்தொன்பது பேர் தவணைக்காரர்கள். அது தெரிந்த பிறகு அழகான பில் டிசைன், கலர், லோகோ எதையும் நான் பார்க்கவில்லை. ஆள் வாரியாகப் பாக்கி ஒரே பக்கத்தில் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பில் புக்கிலிருந்து எக்செல், அதிலிருந்து ஓர் ஆப், அப்புறம் இன்னொன்று என்று மாறி இப்போது மூன்றாவதில் இருக்கிறேன். இதுவரை குறை இல்லை.

ஜிஎஸ்டி பற்றிக் கவலைப்படாதே, நாற்பது லட்சம் வரைக்கும் பதிவு வேண்டியதில்லை.

15 ஜூன் 2025, இரவு

ஒன்று விட்டுவிட்டேன். ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவர் பில்லில் வரி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது, ஜிஎஸ்டி சட்டம் 32ஆவது பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. சில ஆப்களில் பொருளைச் சேர்த்தவுடன் 18% தானாக உட்கார்ந்துகொள்ளும், தலைப்பிலும் "டாக்ஸ் இன்வாய்ஸ்" என்று வரும். அமைப்புக்குள் போய் வரியை அணைத்துவிட்டு, தலைப்பை வெறும் "பில்" என்று மாற்றிவிட்டுத்தான் முதல் பில்லைப் போட வேண்டும்.

18 ஜூன் 2025

15ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரி தவறு. எனக்கு வரிக்கணக்குப் பார்க்கும் அக்கா அதைப் படித்துவிட்டுக் காலையிலேயே கூப்பிட்டார், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. நியாயம்தான். என் பேச்சை நம்பி யாராவது நடந்துவிடக் கூடாது.

நாற்பது லட்சம் என்பது பொருள் மட்டும் விற்கிறவருக்கு. கூலி வேலையும் சேர்த்துச் செய்கிற நம் மாதிரி ஆட்களுக்கு இருபது லட்சம்தான் வரம்பு. மோட்டார் விலையும் கூலியும் எல்லாம் ஒன்றாகக் கூட்டித்தான் அந்தக் கணக்கு. தம்பிக்குப் பன்னிரண்டு லட்சம் என்றால் இப்போதைக்குச் சரி. ஆனால் வருஷக் கணக்கை நடுவில் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு எஸ்டேட் வேலை பெரிதாக வந்தால் போதும், ஏறிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் பத்தேரி. பாட்டவயலோ தாளூரோ தாண்டினால் வேறு மாநிலம். அங்கே ஒரு மோட்டாரை விற்றுப் பொருத்திக் கொடுத்தால், பொருத்துகிற இடம்தான் விற்ற இடமாகக் கணக்கு. மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்க, ஒரு ரூபாய்க்கானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், வரம்பு கிடையாது. கூலி மட்டும் என்றால் இருபது லட்சத்துக்குள் இருக்கும்வரை பதிவில்லாமலே போய்ச் செய்யலாம். அதனால் அக்கா சொன்ன வழி: பத்தேரி வாடிக்கையாளர் மோட்டாரையும் பைப்பையும் அங்கேயே கடையில் அவர் பெயரில் வாங்கட்டும், தம்பி கூலிக்கு மட்டும் பில் போடட்டும். நான் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தவுடனே பதிவு எடுத்ததற்கும் வயநாட்டு வேலைதான் காரணம், அதை எழுதாமல் விட்டது என் பிழை.

பதிவு இருக்கிற மற்றவர்களுக்கு: பேட்டரியும் இன்வெர்ட்டருமாக ஐம்பதாயிரத்துக்கு மேல் மதிப்பு ஏறினால் எல்லை தாண்ட இ-வே பில் (சரக்கோடு கூடவே போக வேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை வேண்டாம். பில் போடுகிற மென்பொருளிலேயே அதையும் எடுக்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் அரசுத் தளத்தில் போய்ப் போட்டுக்கொள்ளலாம். அதற்காக மட்டும் பெரிய தொகை கொடுக்க வேண்டாம்.

19 ஜூன் 2025

தம்பி கேட்டது: போனில் கேரளா டவர் காட்டினால் பில்லும் கேரளா பில்லா? இல்லை இல்லை. சேரம்பாடியில் நின்றால் போன் கேரளா டவரைப் பிடிக்கும், அது வேறு. வேலை நடந்த இடம்தான் கணக்கு.

2 ஜூலை 2025

நேற்று தேவாலா தாண்டி ஒரு வீட்டில் வேலை. காலையில் போன மின்சாரம் மாலை நான்கு மணி வரை இல்லை, சாலையில் மரம் விழுந்திருந்தது. டவரும் செத்துவிட்டது. வேலை முடிந்து அந்த அம்மா பணத்தை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் பில் கேட்டார். போனில் பில் ஐந்து நொடியில் வந்தது, புளூடூத் பிரிண்டரில் தாளும் வந்தது. இணையம் தேவைப்படவே இல்லை.

இங்கே எழுதுகிற சென்னை, கோவை நண்பர்கள் "எல்லாம் கிளவுடில் இருக்கட்டும், போன் தொலைந்தாலும் கணக்கு தொலையாது" என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் மழையைப் பார்த்தவர்களுக்கு, இணையம் இருந்தால்தான் பில் என்கிற எதுவும் ஒத்துவராது. இறக்கினவுடன் ஏரோபிளேன் மோடில் போட்டுச் சோதித்துப் பார். புதிய வாடிக்கையாளரைச் சேர்க்க முடிகிறதா, பில் போட முடிகிறதா, பிடிஎஃப் வருகிறதா, பழைய பாக்கி தெரிகிறதா? நான்கும் நடக்க வேண்டும். ஓர் ஆப் பில் போட்டது, ஆனால் எண் கொடுக்கவில்லை, இணையம் வந்த பிறகுதான் எண் விழுந்தது. வாடிக்கையாளர் கையில் எண் இல்லாத தாள் போய்விட்டது.

போன் தொலையும் பயத்துக்கு மாற்று இருக்கிறது, வாரம் ஒருமுறை வீட்டுக் கணினியில் ஒரு நகல். ஞாயிறு காலை டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

9 ஜூலை 2025

தமிழில் பில். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலத் தாள் வெறும் தாள். "பேட்டரி, 36 மாதம் உத்தரவாதம், தண்ணீர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை" என்று அவர்கள் படிக்கிற மாதிரி இருந்தால்தான் தண்ணீர் ஊற்றுவார்கள், பேட்டரியும் பிழைக்கும்.

சின்ன தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது. மென்பொருள் பில்லைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் தமிழ் வரும். எழுத்தாகவே அனுப்பினால் கேள்விக்குறிகளாகவோ கட்டம் கட்டமாகவோ கொட்டும். இரண்டு அங்குலத் தாளில் அகலத்துக்கு 384 புள்ளிதான், அதில் சின்ன எழுத்தாகப் போட்டால் "ன"வும் "ண"வும் ஒன்றாகத் தெரியும். கொஞ்சம் பெரிய எழுத்தாக வைத்து, வரிகளைக் குறை. பிடிஎஃபில் இன்னொரு சிக்கல். கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து போய் "கொ" மூன்று துண்டாகக் கிடக்கும். சோதிப்பதற்கு நான் வைத்திருக்கும் வரி: "கொழுவூர் பொன்னம்மாள், சௌத் லைன், ஸ்ரீ இல்லம்". இது ஒழுங்காக அச்சானால் எல்லாம் அச்சாகும்.

தொகையையும் பாருங்கள். வெளிநாட்டு மென்பொருள் சிலவற்றில் 1,26,500 என்பது 126,500 என்று வரும், எழுத்தில் "ஒன் ஹண்ட்ரட் அண்ட் ட்வென்டி சிக்ஸ் தௌசண்ட்" என்று போடும். எஸ்டேட் ஆபீஸில் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் செக் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம், தெர்மல் தாள் மங்கிவிடும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தாள் தாங்காது, பிடிஎஃப்தான் ஆதாரம்.

10 ஜூலை 2025

"சௌத் லைன் எந்த எஸ்டேட்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எந்த எஸ்டேட்டும் இல்லை, எழுத்துச் சோதனைக்காக நானே கட்டின முகவரி. பொன்னம்மாளும் அப்படித்தான்.

27 ஜூலை 2025

மசினகுடிப் பக்கம் ஒரு விடுதிக்குப் பராமரிப்பு வேலை. பில் 40,000, ஜிஎஸ்டி 7,200, மொத்தம் 47,200. கைக்கு வந்தது 46,800. நானூறு எங்கே என்று கேட்டால் டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் வருமான வரி. ஒப்பந்த வேலைக்குத் தனி ஆள் என்றால் 1% பிடிப்பார்கள், ஒரே பில் முப்பதாயிரத்தைத் தாண்டினால் பிடித்தே ஆக வேண்டும். வரியைத் தனியாகக் காட்டியிருந்தால் 40,000-க்கு மட்டும் பிடிப்பார்கள், அதனால்தான் நானூறு. தவறு ஒன்றும் இல்லை. அது நம் வருமான வரிக் கணக்கில் வரவாக நிற்கும், வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் என்கிற அறிக்கையில் பார்க்கலாம்.

பிரச்சினை மென்பொருளில். அது நானூறு பாக்கி என்றே காட்டிக்கொண்டிருக்கும். வருஷக் கடைசியில் இப்படி பன்னிரண்டு விடுதிகள் சின்னச் சின்னப் பாக்கியோடு பட்டியலில் நிற்கும், உண்மையான பாக்கிக்காரர் யார் என்று தெரியாமல் கலங்கிவிடும். எனது முதல் ஆப்பில் டிடிஎஸ் போட இடமே இல்லை, "தள்ளுபடி" என்று போட்டேன். அது மகா தவறு. தள்ளுபடி போட்டால் விற்பனையே குறைந்து காட்டும், அக்கா ரிட்டர்ன் போடும்போது தொகை இடித்தது. விடுதிகளுக்கு வேலை செய்கிறவர்கள், பணம் வரவு வைக்கும் பக்கத்தில் டிடிஎஸ் என்று தனி இடம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வீட்டு வேலை மட்டும் செய்கிற தம்பிக்கு இது வேண்டாம்.

28 ஜூலை 2025

விடுதி என்றதும் பலர் பாக்கி இழுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மென்பொருளை விட்டு விலகுகிறேன் என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். உத்யம் பதிவு (சிறுதொழில் செய்பவருக்கான அரசுப் பதிவு) எடுங்கள், அது இலவசம், அரசுத் தளத்தில் ஆதார் வைத்து நாமே எடுக்கலாம். அந்த எண்ணைப் பில்லின் கீழே அச்சடியுங்கள். சின்னத் தொழில் செய்கிறவருக்குப் பணம் 45 நாளுக்குள் வர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதோடு 2023-24 நிதியாண்டு முதல், கெடுவுக்குள் கட்டாத தொகையை வாங்கினவர் அந்த ஆண்டுச் செலவாகத் தன் வருமான வரியில் காட்ட முடியாது, கட்டின வருஷத்தில்தான் காட்டலாம். வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இது பொருந்தாது, வேலை செய்து தருகிறவருக்கும் உற்பத்தி செய்கிறவருக்கும் உண்டு.

எண்ணை அச்சடித்த முதல் வருஷம், மார்ச் 20 வாக்கில் ஒரு விடுதியின் கணக்காளரே கூப்பிட்டு, "அண்ணா, உங்கள் பாக்கி எவ்வளவு, இன்றைக்கே போட்டுவிடுகிறோம்" என்றார். ஐந்து மாதமாக நான் கூப்பிட்டு எடுக்காத போன் அது.

11 ஆகஸ்ட் 2025

எக்செல் போதாதா என்று கேட்டவருக்கு: போதும், ஒரு நிபந்தனையோடு. நான் மூன்று வருஷம் அதில்தான் ஓட்டினேன், லிப்ரே ஆபிஸ் கால்க் என்றால் காசும் கிடையாது. நான் மாட்டியது எண்ணில். பழைய பில்லைத் திறந்து, பெயரை மாற்றி, தொகையை மாற்றி, எண்ணை மாற்ற மறந்து சேமித்துவிட்டேன். 0031 என்று இரண்டு பில், ஒன்று ஓவேலி, ஒன்று நாடுகாணி. மூன்று மாத ரிட்டர்ன் போடும்போதுதான் அக்கா கண்டுபிடித்தார். பில் எண் வருஷத்துக்குள் ஒருமுறைதான் வரலாம், வரிசையாக வர வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அது விதி. நான் இப்போது 25-26/0047 என்கிற மாதிரி போடுகிறேன், ஏப்ரல் ஒன்றாம் தேதி 0001.

எக்செல் வைத்திருப்பவர்கள் ஒரு பில்லுக்கு ஒரு கோப்பு வைக்காதீர்கள். ஒரே தாளில் பில் எண், தேதி, பெயர், தொகை, வந்தது, பாக்கி என்று வரிசையாக ஒரு பதிவேடு வையுங்கள், பில் அச்சு அதிலிருந்து எண்ணை எடுக்கட்டும். பதிவேடுதான் கணக்கு, அச்சு அதன் நகல். மாதம் பத்துப் பதினைந்து பில்லுக்கு இது எந்த ஆப்புக்கும் குறைந்ததில்லை.

அப்புறம், தவறான பில்லை அழிக்காதீர்கள். அழிக்க விடுகிற மென்பொருள் நல்லது என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு நேர் எதிர்க் கருத்து. எண் விட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். ரத்து என்று குறித்து வைக்கணும், ரிட்டர்ன் போன பிறகு என்றால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போட்டு நேர் செய்யணும்.

5 செப்டம்பர் 2025

3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் முடிவாகிவிட்டது, 22ஆம் தேதி முதல் பேட்டரி 28-லிருந்து 18. ஊரில் எல்லாரும் "22க்கு அப்புறம் வா" என்கிறார்கள். இரண்டு வாரம் வேலையே இருக்காது போல. சரி, ஜீப்பைச் சர்வீஸுக்கு விட இதுதான் நேரம்.

24 செப்டம்பர் 2025

இதை எழுதத்தான் வேண்டும். ஜூன் 15 அன்று "மூன்றாவதில் இருக்கிறேன், இதுவரை குறை இல்லை" என்று எழுதினேன். குறை இருக்கிறது.

22ஆம் தேதி காலை பொருள் பட்டியலுக்குப் போய் 150 ஏஎச் (கொள்ளளவு) பேட்டரியின் வரியை 18 என்று மாற்றினேன். அன்று மாலை தேவர்சோலைக்காரர் ஒருவர், மே மாதம் வாங்கின பேட்டரியின் பில் தொலைந்துவிட்டது, உத்தரவாதத்துக்கு நகல் வேண்டும் என்றார். மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "என்னிடம் 20,480 வாங்கினீர்கள், இதில் 18,880 இருக்கிறதே" என்றார்.

பேட்டரி விலை 16,000. மே மாதம் 28% வரி, மத்திய வரி, மாநில வரி என்று 14-ம் 14-மாக இரண்டு 2,240, மொத்தம் 20,480. இப்போது தாளில் 9-ம் 9-ம், இரண்டு 1,440. பட்டியலில் வரியை மாற்றினவுடன் பழைய பில்லையும் அது புதிதாகக் கணக்குப் போட்டு அச்சடித்திருக்கிறது. மே மாதத் தேதி, மே மாத எண், செப்டம்பர் வரி. அந்த மனிதர் என்னை எத்தனை வருஷமாகத் தெரிந்தவர். அவர் முகத்தில் அந்த ஒரு கணம் ஓடின சந்தேகம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜீப்பில் இருந்த போனில் மே மாதம் சேமித்த பிடிஎஃப் இருந்தது, அதைத் திறந்து காட்டிய பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

எந்த மென்பொருள் என்று கேட்காதீர்கள். உங்களுடையதும் இப்படிச் செய்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம்: ஒரு பொய்ப் பொருளைச் சேர்த்து, ஒரு பில் போட்டு, பொருளின் வரியை மாற்றி, பழைய பில்லை மறுபடி திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நான் இதை வாங்கும்போதே செய்திருக்க வேண்டும்.

இப்போதைக்குச் செய்தது, பழைய பொருளின் வரியை 28-க்கே திருப்பி வைத்து, "பேட்டரி 150, 18%" என்று புதிதாக ஒரு பொருளைச் சேர்த்துவிட்டேன்.

25 செப்டம்பர் 2025

ஆகஸ்டில் ஐயாயிரம் முன்பணம் வாங்கி, நேற்று பொருத்தி, நேற்றே பில் போட்டால் எந்த வரி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பொருள் கொடுத்தது, பில் போட்டது, பணம் வந்தது, இந்த மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த வரி என்று அக்கா எனக்குப் புரியும்படி சொன்னார், 14ஆவது பிரிவு. இங்கே இரண்டு 22க்குப் பிறகு, அதனால் 18. ஆகஸ்டிலேயே பொருத்தி ஆகஸ்டிலேயே பில் போட்டு, மீதிப் பணம் இப்போது வருகிறது என்றால் 28-தான், அதை மாற்றிக் கொடுக்க முடியாது. இரண்டு பேர் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். பழைய கொட்டேஷனை அப்படியே பில்லாக மாற்றுகிறவர்கள் கவனம், 28 ஒட்டிக்கொண்டே வரும்.

19 அக்டோபர் 2025

நாளைக்குத் தீபாவளி, இன்றைக்கு வேலை இல்லை. மாறிவிட்டேன்.

டேலி என்கிற கணக்கு மென்பொருளுக்குப் போனேன். போன வருஷம் வரை அது கடைக்காரர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது எடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒரு பொருளுக்கு வரி எந்தத் தேதி முதல் எவ்வளவு என்று அதில் தேதியோடு வைக்கலாம், மே மாத பில் மே மாத வரியோடேயே நிற்கும். இன்னொன்று, அக்காவும் அதில்தான் வேலை செய்கிறார், என் கணக்கை அப்படியே திறந்து பார்ப்பார். கணினியில் ஓடுகிறது, இணையம் இல்லாமலும் ஓடும். விலை அதிகம்தான், போனில் ஐந்து நொடியில் போடும் சுகமும் போய்விட்டது. இப்போது வேலை இடத்தில் கையால் ஒரு ரசீது, இரவில் வீட்டில் பில், காலையில் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப். பழகிவிட்டது.

மாறுவதற்கு எனக்கு ஆன நேரம் இரண்டு இரவு. 2023-இல் ஒரு ஆடி மாதம் ஆனது. வித்தியாசம், இந்தத் தடவை மாதா மாதம் பில் பட்டியலையும் பாக்கிப் பட்டியலையும் சிஎஸ்வி-யாக (எக்செல்லிலும் திறக்கும் எளிய கோப்பு) எடுத்து வைத்திருந்தேன். நாற்பத்தொரு பேருடைய பாக்கியை ஆரம்ப இருப்பாக ஏற்றினேன், கூட்டுத்தொகை முதல் தடவையிலேயே பொருந்தியது.

தம்பிக்கு டேலி சொல்லமாட்டேன். உன் அளவுக்கு அது சுமை. ஜோஹோ இன்வாய்ஸ் இலவசம், நம் சென்னைக்காரர்கள் செய்தது, பில்லும் நினைவூட்டலும் சுத்தமாக இருக்கும், ஆனால் இணையத்தில் ஓடுவது. வ்யாபார் இணையம் இல்லாமலும் போனில் ஓடும். இல்லையென்றால் ஆகஸ்ட் 11 குறிப்பில் சொன்ன பதிவேடு. மூன்றில் எதை எடுத்தாலும் முதல் வாரமே பத்து பில் போட்டு, பட்டியலை வெளியே எடுத்து, எக்செல்லில் திறந்து பார். பெயர், தொகை, பாக்கி மூன்றும் தனித்தனிக் கட்டத்தில் ஒழுங்காக வந்தால் வைத்துக்கொள். வரவில்லையா, பத்து பில்லோடு விட்டுவிடு.

21 அக்டோபர் 2025

தம்பி எழுதியிருந்தான்: பதிவேடுதான், லிப்ரே ஆபிஸில். அவன் தங்கச்சி பந்தலூரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிறாளாம், அவளே தமிழில் போட்டுக் கொடுத்துவிட்டாள். மோட்டார் எந்த ஆழம், எத்தனை அடி பைப், எந்தக் கடையில் வாங்கியது என்று மூன்று கட்டம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறாள். எனக்கு இது தோன்றவே இல்லை. அடுத்த தடவை மோட்டார் கெட்டால், போகும்போதே எத்தனை அடி கயிறு எடுத்துப்போவது என்று தெரிந்துவிடும். நானும் பேட்டரி வைத்த தேதியையும் சீரியல் எண்ணையும் பில்லிலேயே போட ஆரம்பித்துவிட்டேன்.

8 நவம்பர் 2025

ஆரம்ப இருப்பு முதல் தடவையே பொருந்தியது என்று எழுதினேன் அல்லவா, அதிலும் ஒரு திருத்தம்.

ஓவேலியில் ஒரு பாட்டி, 2,300 பாக்கி. டேலியிலிருந்து அவர் கணக்கை மட்டும் எடுத்து, தேதி வாரியாகத் தமிழில் தட்டி, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுபோனேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு உள்ளே போய்த் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்ததை எடுத்து வந்தார். எனக்குக் காசு கொடுத்த நாளின் தாளை எல்லாம் கிழித்து, பின்பக்கம் தொகையை எழுதி வைத்திருக்கிறார். என் தாளில் ஆறு வரவு, அவரிடம் ஏழு தாள். ஏழாவது ஜூன் மாதத்தது, ஐந்நூறு.

வீட்டுக்கு வந்து ஜீப்பில் கிடந்த கை ரசீதுப் புத்தகத்தைத் தேடினேன். மழையில் ஒட்டிப்போயிருந்த இரண்டு தாளைப் பிரித்தால் நடுவில் இருந்தது, ஐந்நூறு ரூபாய், என் கையெழுத்து. ஆப்பில் ஏற்ற மறந்திருக்கிறேன். கூட்டுத்தொகை பொருந்தியது உண்மைதான், ஏறாதது கூட்டுத்தொகையில் எப்படித் தெரியும்?

பாக்கி 1,800 என்று திருத்தி, புதுத் தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். நாளை ஞாயிறு, ஓவேலி பக்கம்தான் வேலை, போகிற வழியில் கொடுத்துவிடுவேன். மற்ற நாற்பது பேருக்கும் இதே மாதிரி ஒவ்வொரு தாள் அச்சாகிக்கொண்டிருக்கிறது.